ஒன்பதாம் தொகுதி மருத்துவர் வீடு

சுதந்திரமான முதல் தேர்தல் நடந்தபோது ஒன்பதாம் தொகுதியில் ஒரு மருத்துவர் இருந்தார். நகர்மன்ற உறுப்பினர் இல்லை. இப்போது உறுப்பினர் இருக்கிறார்.

இடையில் நடந்ததுதான் எங்கள் தொகுதியின் தேர்தல் வரலாறு.

கெரெக்வார் நகரத்தில், ரயில் தண்டவாளத்துக்கும் தீசா ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறோம். வேகன் தொழிற்சாலைக்காகக் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்புகள். தொழிற்சாலை போய்விட்டது. குடியிருப்புகளின் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு மருத்துவ நிலையம். அதை ஒட்டி மருத்துவர் குடியிருக்க ஒரு வீடு, வாசலில் ஓர் அக்ரூட் மரம். அந்த வீட்டில் டாக்டர் லோரின்ட்ஸ் இருந்தார். வீட்டுச் செருப்போடு வந்து நாடி பார்ப்பார். இரண்டாம் தேர்தலுக்கு முன் அவர் இறந்தார். அன்றிலிருந்து எங்கள் தேர்தல்களுக்கு ஒரு பொருள் கிடைத்தது.

இரண்டாம் தேர்தலில் ஜெயித்தவர் நிலையத்துக்கு வெள்ளையடித்தார். மூன்றாம் தேர்தலில் ஜெயித்தவர் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை போட்டார். நான்காமவர் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு வைத்தார். அது நாய்களுக்கும் திறந்தது. ஒவ்வொரு வேலைக்கும் நாடா வெட்டினார்கள், வாத்தியக் குழு வந்தது, பாதிரியார் தண்ணீர் தெளித்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் உருளைக்கிழங்கு மூட்டை வந்தது. மூட்டையின் எடையை வைத்து அந்த ஆண்டு போட்டி எவ்வளவு கடுமை என்று சொல்லிவிடலாம்.

மருத்துவர் வரவில்லை. காலியிடம் என்று விளம்பரம் கொடுத்தோம், யாரும் விண்ணப்பிக்கவில்லை என்றது நகராட்சி. விளம்பரம் எங்கே வந்தது என்று ஒருவர் கேட்டார். நகராட்சியின் அறிவிப்புப் பலகையில் என்றார்கள்.

பெர்தலன் வேகன் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். எங்கள் தொகுதியின் முதல் வாக்காளரும் அவர்தான். எங்கள் நாட்டுச் சட்டப்படி, வாக்குச்சாவடிக்கு முதலில் வருகிறவர் பெட்டிக்குள் பார்த்து, அது காலி என்று கையெழுத்துப் போட வேண்டும். பிறகுதான் பெட்டிக்கு முத்திரை வைப்பார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் விடிவதற்கு முன்பே பெர்தலன் பள்ளி வாசலில் நிற்பார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துப்பட்டை. பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்ப்பார். அடியில் ஒரு தட்டுத் தட்டுவார்.

"காலி," என்பார்.

வேறு யாரும் பார்க்கக் கேட்டதில்லை. அதை ஒரு பதவி என்றே அவர் நினைத்தார்.

"இத்தன வருஷமா காலி காலின்னு சொல்லிட்டு வர்ற," என்பார் அவர் மனைவி வில்மா. "ராத்திரி எண்ணுறப்பவும் உன்னக் கூப்பிடச் சொல்லு. அப்பவும் அதான் சொல்வ."

வில்மாவின் இதயம் தன் விருப்பப்படி துடித்தது. சில நாள் வேகமாக. சில நாள் நிதானமாக. சில நேரம் கொஞ்சம் யோசித்துவிட்டு. பக்கத்தில் ஒரு மருத்துவர் இருக்க வேண்டும் என்று நகரத்துப் பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள். அங்கே போக இரண்டு பேருந்து மாற வேண்டும். பெர்தலனுக்கு அரசியலில் வேறு கோரிக்கை எதுவும் இல்லை.

ஐந்தாமவர் நிலையத்தின் காத்திருப்பு அறையில் எண்சீட்டு இயந்திரம் வைத்தார். திறப்பு விழா அன்று வில்மா போய்ச் சீட்டு எடுத்து, காலை முழுவதும் பின்னலோடு உட்கார்ந்திருந்தார். உறுப்பினர் வந்து கை கொடுத்தார்.

"எப்படி இருக்கு ஏற்பாடு? பாருங்க, உங்களுக்கு முன்னால யாருமே இல்ல."

"உள்ளயும் யாரும் இல்லையே, ஐயா."

"அதத்தாம்மா சொல்றேன். நெரிசலே கிடையாது."

அடுத்து நகர்மன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தார்கள். தொகுதிகளை மறுபடி வரைந்தார்கள். வரைந்தவரின் பென்சில் மருத்துவ நிலையத்தின் நடுவே போய்விட்டது. காத்திருப்பு அறை ஒன்பதாம் தொகுதியிலும் மருத்துவரின் மேசை எட்டாம் தொகுதியிலும் இருந்தன. எல்லை வரைவுக் குழுவின் தலைவி அதை விளக்க நேரில் வந்தார்.

"இதுவரைக்கும் இங்க மருத்துவர் இல்லாததுக்கு ஒரே ஒரு உறுப்பினர்தான் பொறுப்பா இருந்தாரு. இனிமே ரெண்டு பேர் பொறுப்பு. உங்க மேல அக்கறை ரெட்டிப்பாகியிருக்கு."

சிலர் கைதட்டினார்கள். பெர்தலனும் தட்டினார். பிறகு வீட்டுக்குப் போகும் வழியில் எதற்குத் தட்டினோம் என்று யோசித்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து எல்லைக் கோட்டை நகர்த்தினார்கள். நிலையம் முழுவதும் ஒன்பதாம் தொகுதிக்குத் திரும்பியதற்கு ஒரு விழா நடந்தது. வாத்தியக் குழு வந்தது.

இதற்குப் பிறகுதான் கெதெயோன் வந்தார்.

கெதெயோன் வெளி ஆள் இல்லை. தொழிற்சாலையில் பெர்தலனுக்குப் பக்கத்து லேத். பெர்தலனின் மகள் ரோஸாலியாவுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையாக நின்றவர். ஒருவர் வீட்டுப் பன்றியை அறுக்க மற்றவர் போவார். பழச்சாராயம் ஒரே பீப்பாயில் போட்டார்கள். கெதெயோன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெர்தலன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, கசகசா ரொட்டியைத் தின்றுகொண்டே சொன்னார்.

"நான் நிக்கப் போறேன் பங்காளி. கட்சி கிட்சி எதுவும் இல்ல. சுயேச்சை. இத்தன வருஷமா மேலேருந்து அனுப்பி வச்சவனத்தான் தேர்ந்தெடுத்தோம். நம்மள்ல ஒருத்தன் போகட்டுமே."

"போய்?" என்றார் வில்மா.

"மொத வேல டாக்டர். ரெண்டாவது வேலன்னு ஒண்ணு கிடையாது."

"ரெண்டாவதா எதையாவது வச்சுக்க, கெதெயோன். மொதலாவது முடிஞ்சா பாவம், சும்மா உக்காரணுமே."

கெதெயோன் சிரித்து வில்மாவின் கையைப் பிடித்தார். "உன் நெஞ்சு மேல சத்தியம்."

"என் நெஞ்சு மேல வேணாம். அது சத்தியத்தத் தாங்காது. வேற ஏதாவது மேல பண்ணு."

வேட்பாளராக நிற்க வாக்காளர்களின் ஆதரவுக் கையெழுத்து வேண்டும். முதல் கையெழுத்தைப் பெர்தலன் போட்டார். மற்றவற்றை வாங்க மாடி மாடியாக ஏறினார். கதவைத் திறந்தவர்களிடம் ஒரே வாக்கியம் சொன்னார்: "எனக்கு இவன முப்பது வருஷமாத் தெரியும்." யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பெர்தலன் பொய் சொல்கிறவர் இல்லை. அன்றும் சொல்லவில்லை.

தேர்தல் நாளில் பெட்டி காலியாக இருந்தது. இரவில் கெதெயோன் ஜெயித்தார். குடியிருப்பில் ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தும் வீடுகளில் எத்தனை பேரோ, அவ்வளவு ஓட்டு வித்தியாசம். படிக்கட்டில் எல்லோரும் பெர்தலனைக் கட்டிப்பிடித்தார்கள். வில்மாவும் இறங்கி வந்து ஒரு சுற்று ஆடினார். பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் கெதெயோன் மருத்துவர் வீட்டுக்குக் குடிபோனார்.

"ஆள் இல்லாத வீடு கெட்டுப்போயிரும், பங்காளி. குழாயில தண்ணி ஒறஞ்சு வெடிக்குது. நாளைக்கு டாக்டர் வந்தா எங்க தங்குவாரு? அதான், அவரு வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன். நகராட்சியே எழுதிக் குடுத்துருக்கு."

நியாயமாகத் தோன்றியது. பெர்தலன் அலமாரியைத் தூக்கக் கை கொடுத்தார். கெதெயோனின் பழைய வீட்டுக்கு அவருடைய மகன் வந்தான். வசந்தத்தில் ஜன்னலுக்குத் திரைச்சீலை வந்தது. கோடையில் கார் வந்தது. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று அக்ரூட் மரத்தை வெட்டினார்கள். சுவரில் "மருத்துவர் இல்லம்" என்ற பித்தளைப் பலகை மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கழற்ற நகர்மன்றத் தீர்மானம் வேண்டும்.

கெதெயோன் நிலையத்தின் மருத்துவர் அறையில் வாரம் ஒரு நாள் மக்களைச் சந்தித்தார். வந்தவர்கள் எண்சீட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். சிலர் பழக்கத்தில் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்கள்.

பெர்தலன் பலமுறை கேட்டார். "டாக்டர் விஷயம் என்னாச்சு?"

"நடந்துக்கிட்டு இருக்குடா. உனக்கு அந்த வேல எப்படி நடக்கும்னு தெரியாது. எனக்கும் வெளியில இருந்தப்போ தெரியல."

பிறகு ஒரு நாள் நகராட்சியிலிருந்து பெர்தலனை அழைத்தார்கள். ஒரு தேர்தலைக்கூடத் தவறவிடாமல் முதலில் வந்து வாக்களித்ததற்காக, அவருக்கு "மக்களாட்சியின் முதல் குடிமகன்" பதக்கம். நகர்மன்றக் கூட்டத்திலேயே கொடுப்பார்கள். அவர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போனார். வில்மா படி இறங்க முடியாமல் வீட்டில் இருந்தார்.

பார்வையாளர் வரிசையில் பெர்தலனுக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண் மடியில் மேல்கோட்டை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் பெயர் ஃப்ளோரா என்றார். மருத்துவர்.

"மருத்துவரா? எந்தத் தொகுதிக்கு?"

"ஒன்பது. விண்ணப்பிச்சிருக்கேன். இன்னிக்கு முடிவு."

பெர்தலன் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விட மறந்துவிட்டார்.

கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பதக்கத்துக்கு முந்தைய பொருள் அதுதான். நகரத்தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். விண்ணப்பதாரர் தகுதி உள்ளவர். சம்பளத்தில் பேரம் பேசவில்லை. ஒரே நிபந்தனை, மருத்துவருக்கான வீடு.

"வீடு இருக்கா?" என்று கேட்டார் நகரத்தலைவர்.

"இருக்கு," என்றார் வீட்டுவசதிக் குழுவின் தலைவர். "ஆனா வீட்டுல ஆள் இருக்காங்க. ஆள் இருக்கற வீட்டக் காலி வீடுன்னு எங்க குழு சொல்ல முடியாது. அப்படிச் சொன்னா, ஊர்ல எல்லா வீட்டயும் சொல்லிடலாம்."

"யாரு இருக்கறது?"

கெதெயோன் எழுந்தார். பெர்தலன் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"தலைவர் அவர்களே, அந்த வீட்டுல நான்தான் இருக்கேன். இதுல எனக்குச் சொந்த நலன் இருக்குன்னு யாராவது சொல்லலாம். சொல்லட்டும். அதனாலதான் நான் ரொம்பப் பொறுப்போட ஓட்டுப் போடப் போறேன்."

சிலர் தலையாட்டினார்கள்.

"ஒன்பதாம் தொகுதி மக்களுக்கு மருத்துவர் வேணும். நான் அதுக்காகத்தான் வந்தேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. மருத்துவர் யாருக்குப் பயன்படுவாரு? சீக்கா இருக்கறவங்களுக்கு. உறுப்பினர் எல்லாருக்கும் பயன்படுவாரு. அந்த வீட்ட விட்டா நான் எங்க போவேன்? பழைய வீட்டுல என் பையன் இருக்கான். தொகுதிக்கு வெளியதான் போகணும். அப்புறம் தொகுதிக்குள்ள குடியிருக்காத உறுப்பினர்னு என்னைப் பேசுவாங்க. அந்த அவமானம் எனக்கு இல்ல. என் மக்களுக்கு. வீட்டக் குடுக்க எனக்கு இந்த நிமிஷமே மனசு இருக்கு. ஆனா என் மனச வச்சு நான் முடிவெடுக்கக் கூடாது. மக்கள் என்னை அதுக்கு அனுப்பல."

விண்ணப்பத்தை நிராகரிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்று ஓட்டெடுப்புக்கு விட்டார்கள். கைகள் உயர்ந்தன. கெதெயோனின் கையும் உயர்ந்தது. பெர்தலனுக்கு அந்தக் கையைத் தெரியும். சுண்டுவிரல் நுனி லேத்தில் போனது. அன்று கட்டுப் போட்டுவிட்டவர் பெர்தலன்தான்.

"யாருங்க அவரு?" என்று கேட்டார் ஃப்ளோரா.

"என் சிநேகிதன்," என்றார் பெர்தலன்.

ஃப்ளோரா மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார். கீழே ஆற்றோரத்தில் இன்னொரு ஊர் வீடும் தோட்டமும் தருவதாகச் சொல்லியிருந்தது.

"அடுத்த பொருள், மகிழ்ச்சியான பொருள்," என்றார் நகரத்தலைவர்.

பதக்கத்தைத் தொகுதி உறுப்பினர்தான் குத்திவிட வேண்டும் என்பது மரபு. கெதெயோன் மேடையில் பெர்தலனின் கோட்டில் ஊசியை நுழைத்தார். காதருகே சொன்னார்: "கோவப்படாதடா. அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்." பிறகு ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்தார்கள். ஏதாவது சொல்லச் சொன்னார்கள்.

"நன்றி," என்றார் பெர்தலன்.

வீடு வரும் வரை அந்த ஒரு சொல்லை நினைத்துத் தன்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

வில்மா பதக்கத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"மாத்திர மாதிரி இருக்கு. முழுங்கறதா, சப்பறதா?"

பெர்தலன் நடந்ததைச் சொன்னார். கை உயர்ந்ததைச் சொல்லும்போது வில்மா பின்னலை நிறுத்தினார்.

"கெதெயோனா?"

"ம்."

"நல்லாப் பாத்தியா? கை தூக்கினது அவன்தானா?"

"சுண்டுவிரலப் பாத்தேன்."

வில்மா பின்னலைச் சுருட்டிக் கூடையில் வைத்தார். "ரோஸாலியாவுக்கு இதச் சொல்லாத," என்றார். "ஞானத்தந்தைன்னு ஒருத்தன்தான் இருக்கான் அவளுக்கு."

அடுத்த கூட்டத்தில் அந்தப் பொருள் வரவில்லை. விண்ணப்பதாரர் இல்லாததால் காலியிடம் தொடர்கிறது என்று பதிவு செய்தார்கள். ஆண்டு இறுதியில் நகரத்தலைவர் வாசித்த அறிக்கையில், ஒன்பதாம் தொகுதியில் மருத்துவச் சேவை பற்றி நோயாளிகளிடமிருந்து மருத்துவர் மூலம் ஒரு புகாரும் வரவில்லை என்று இருந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சூப் ஆறுவதற்குள் வில்மா மேசைக்கும் அடுப்புக்கும் நடுவில் விழுந்தார். உதடு நீலமாக இருந்தது. பெர்தலன் அவசர ஊர்திக்குப் பேசினார். வண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். காத்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்துவிட்டு, செருப்பு மாற்றாமல் ஓடினார். கெதெயோனிடம் கார் இருந்தது. கார் வாசலில் நின்றது. பெர்தலன் மணியை அழுத்தினார். கதவைத் தட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிட மூச்சு வரவில்லை. மறுபடி தட்டினார். யாரும் திறக்கவில்லை. கெதெயோனும் வீட்டாரும் உறவுக்காரர் வீட்டுக்கு நடந்து போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பி ஓடினார். கடைசியில் எதிர்ப் படிக்கட்டில் குடியிருந்த ரொட்டிக்காரர் தன் வண்டியில் மாவு மூட்டைகளைத் தள்ளி இடம் செய்து, வில்மாவைப் படுக்கவைத்து ஓட்டினார்.

பெரிய மருத்துவமனையின் பதிவுச் சாளரத்தில் இருந்த பெண் கேட்டார்: "உங்க பகுதி மருத்துவர் எழுதின பரிந்துரைச் சீட்டு?"

"எங்களுக்கு மருத்துவர் இல்லங்க."

"சரி, இல்லன்னு அவருகிட்டயே ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க."

ரொட்டிக்காரர் உரக்கக் கத்தினார். அதற்குப் பிறகுதான் உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

வில்மா பிழைத்தார். ஆனால் பாதிதான் திரும்பி வந்தார். ஒரு கை பேச்சைக் கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் இறங்கியது. இன்னொரு முறை தாமதமானால் சொல்வதற்கில்லை என்றார்கள். ரோஸாலியா வந்து பார்த்தாள். அவள் ஊரில், அவள் தெருவிலேயே மருத்துவர் இருந்தார். அவளோடு போய் இருக்க, பெர்தலனும் வில்மாவும் கல்யாணமான நாளிலிருந்து குடியிருந்த வீட்டை விற்றார்கள். முகவரி மாற்றும் படிவம் வாங்கப் போனபோது நகராட்சி எழுத்தர் வருத்தப்பட்டார்.

"போறீங்களா, மாமா? அப்ப பெட்டியில யாரு எட்டிப் பாப்பா?"

அன்று மாலையே செய்தி கெதெயோனுக்குப் போயிருக்க வேண்டும். மறுநாள் காலை சாமான் ஏற்றிய வண்டி படிக்கட்டு வாசலில் நின்றபோது அவர் வந்தார். தோளில் ஓர் உருளைக்கிழங்கு மூட்டை. கையில் ஆதரவுக் கையெழுத்துத் தாள். தேர்தல் நெருங்கிவிட்டது.

மூட்டையை இறக்கிவைத்தார். வண்டியின் முன் இருக்கையில் போர்வையோடு உட்கார்ந்திருந்த வில்மாவைப் பார்த்தார். உடனே பெர்தலன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்கிட்டச் சொல்லாமலே கிளம்பறியே, பங்காளி."

"சொல்ல வந்தேன். பிப்ரவரியில."

"எனக்குத் தெரியாதுடா. சத்தியமா தெரியாது. தெரிஞ்சா வராம இருப்பனா?" கெதெயோன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பு இல்லை. "சரி, போறது போறீங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன். முகவரிய மாத்தாதீங்க. ஜூன் வரைக்கும். உடம்பு அங்க இருக்கட்டும், முகவரி இங்க இருக்கட்டும். இந்த தடவ ஒவ்வொரு ஓட்டும் கணக்கு. எதிர்ல நிக்கறவன் ஜெயிச்சா டாக்டர் விஷயம் மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கணும்."

"இப்ப எத்தனையில இருக்கு?" என்றார் வில்மா. வாய் குழறியது. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது.

கெதெயோன் தாளைப் பெர்தலன் பக்கம் நீட்டினார். "போன தடவ மொதக் கையெழுத்து உன்னுது. ராசியான கை."

பெர்தலன் தாளை வாங்கிப் பார்த்தார். மேலே கெதெயோனின் பெயரும் முகவரியும் அச்சாகியிருந்தன. முகவரி, மருத்துவர் வீடு.

"அன்னிக்கு உன் வீட்டுக்கு வந்தேன்," என்றார். "கார் நின்னுச்சு. மணி அடிச்சேன்."

"மணி வேல செய்யாது. அந்தப் பலகையப் பாத்துட்டு ஊர்ல இருக்கற சீக்காளிங்க எல்லாம் வந்து அடிச்சா நிம்மதியா சாப்பிட முடியுமா? நகராட்சியில சொன்னேன். ஆள் அன்னிக்கே வந்து கம்பிய வெட்டிட்டுப் போயிட்டான்."

"கதவையும் தட்டினேன்."

கெதெயோன் வில்மாவைப் பார்த்தார். பிறகு மூட்டையைப் பார்த்தார்.

"அது நீயாடா?" என்றார். "யாரோ நோயாளின்னு நெனச்சேன்."